பருப்பு வேகாத தண்ணீர்

தருமபுரி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. பேங்கில் ஆள் பற்றாக்குறை என்று புலம்பிக்கொண்டே நாலு பக்கம் எழுதியிருக்கிறாயே, அதற்கே உன்னை மெச்சணும். இங்கே மூட்டு வலியைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை.

உன் மகள் பி.காம் சேர்ந்த கையோடு என்.எஸ்.எஸ்.ஸில், அதுதான் நாட்டு நலப்பணித் திட்டத்தில், பேர் கொடுத்துவிட்டாள், படிப்பு கெடாதா என்று கேட்டிருக்கிறாய். கேட்பது யாரு? கேம்ப்பில் பகலெல்லாம் சீமைக்கருவேல் வெட்டிவிட்டு ராத்திரி நாடகத்தில் எமன் வேஷம் கட்டியவளா?

படிப்பெல்லாம் கெடாது. 2 வருஷத்துக்கு 240 மணி நேரம், அப்புறம் ஏழு நாள் கேம்ப். அவ்வளவுதான். என் கவலை வேறு. அந்த 240 மணி நேரத்துக்கும் அவள் வகுப்பில் படிப்பதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. காந்தி நூற்றாண்டில், 1969-இல், இந்தத் திட்டம் தொடங்கியபோதே மாணவர்கள் ஊருக்குள் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் நோக்கம்தான். நடைமுறையில் அது முள் வெட்டுவதும் வெள்ளையடிப்பதுமாகச் சுருங்கிவிட்டது. கெமிஸ்ட்ரி படித்த நம் இரண்டு பேரையும் அந்த ஊர்த் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை, பார்.

இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உனக்குத் தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. போனால் பல்லில் பழுப்புக் கறை, ரொம்ப வருஷம் குடித்தால் எலும்பும் பாதிக்கும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர்வெல் தண்ணீர்தான் கதி.

பென்னாகரம் பக்கம் ஒரு ஊருக்கு என் காலேஜ் இரண்டாம் வருஷ கெமிஸ்ட்ரி பிள்ளைகளைத் தண்ணீர் பிடிக்க பாட்டிலோடு கூட்டிப் போனேன். லேபில் அவர்கள் கடினத்தன்மையை அளக்க டைட்ரேஷன் பண்ணும் கடின நீர், அட்டெண்டர் உப்பைக் கரைத்து வைத்தது. சிவப்பு நீலமாக மாறினால் ரீடிங் எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். ஊரில் ஒரு அம்மா எடுத்த எடுப்பில் சொன்னார்: "மேட்டுக் குழாய்த் தண்ணியில பருப்பு வேகாது கண்ணு, அதை எதுக்குப் புடிக்கிற?" திரும்பி வந்து பார்த்தால், பிடித்து வந்ததிலேயே கடினத்தன்மை அதிகம் காட்டியது அந்தக் குழாய்தான். பிள்ளைகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ!

ஊரில் வந்த அடுத்த கேள்விதான் பிள்ளைகளைத் திணறடித்தது. "காய்ச்சிக் குடிச்சா அந்த ஃபுளோரைடு போயிடுமா?" யாருக்கும் பதில் வரவில்லை. கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். பாடத்தில் செறிவு என்று மனப்பாடம் செய்ததை ஒரு பாட்டிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்றதும், இரண்டு பேர் உட்கார்ந்து யோசித்து, ரசம் சுண்டினால் உப்புக் கரிக்கும் இல்லையா, அதைச் சொன்னார்கள். அடுத்த தடவை போனபோது குடிக்க, சமைக்க எந்தத் தண்ணீர், துணி துவைக்க எது என்று ஊர்ப் பெண்களே பேசிப் பிரித்துக்கொண்டார்கள். அன்றைக்கு நாங்கள் வெறும் ரீடிங் கொடுத்தவர்கள்தான்.

இது ஒன்றும் புதுசில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷ மாணவர்களைக் கிராமத்தில் தங்க வைக்கிறார்கள். அக்ரி படிக்கும் பிள்ளைகள் கடைசி வருஷத்தில் விவசாயிகளோடு இருந்துதான் ஆக வேண்டும். திண்டுக்கல் பக்கத்தில் இருக்கும் காந்திகிராமப் பல்கலைக்கழகம் பிறந்ததே இந்த எண்ணத்தில்தான். நம் மாதிரி ஆர்ட்ஸ் காலேஜ்களில்தான் இதை பார்ட் ஃபைவ் என்று பாடத்திட்டத்தின் கடைசிப் பகுதியாக ஓரத்தில் தள்ளி, ஒரே ஒரு கிரெடிட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பேனர் பிடித்து, இடம் பதிந்த ஜியோ டேக் போட்டோ எடுத்து, ஃபைலில் வைத்தால் முடிந்தது. இதைச் சொன்னால் இங்கே சிலருக்கு என்மேல் கோபம் வருகிறது, வரட்டும்.

சரி, பி.காம் பிள்ளை என்ன செய்வாள் என்று கேட்பாய். மகளிர் குழுவின் நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுக்கச் சொல். 1989-இல் ஐ.நா.வின் விவசாய வளர்ச்சி நிதியமான ஐஃபாட் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் தொடங்கியது இதே தருமபுரியில்தான். இன்றைக்குக் குழுவை விட்டுவிட்டு வெளியே கடன் வாங்கும் பெண்களிடம் "ஃபிளாட் வட்டி 12 சதவீதம்தான்" என்கிறார்கள், அதாவது அசல் குறைந்தாலும் முழுக் கடனுக்கும் வட்டி. 10,000 ரூபாய் வாங்கி ஒரு வருஷம் மாதாமாதம் 933 கட்டினால், அசல் குறையக் குறைய வட்டி போட்டுப் பார்க்கையில் அது வருஷத்துக்கு 21 சதவீதத்துக்கு மேல் வரும். உனக்கு இது கைவந்த கணக்கு. அவள் அதை ஒரு குழுக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்து போட்டுக் காட்டட்டும். பிசினஸ் மேத்ஸ் பரீட்சை அப்புறம் தானாக வரும்.

ஆயுத பூஜை லீவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. வரும்போது உங்கள் கிளையில் குழுக் கடனுக்குக் கொடுக்கும் விண்ணப்பப் படிவம் நாலைந்து எடுத்து வா. காமர்ஸ் டீச்சர் ஒருத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
சாந்தி