காரணத்தை எழுத்தில் தாருங்கள்: மட்டக்களப்பு மண்டப நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் உருவப்படக் கண்காட்சிக்கு மண்டபம் தருவதாகச் சொல்லி முற்பணம் வாங்கினீர்கள், பற்றுச்சீட்டும் தந்தீர்கள். படங்களை மாட்டுவதற்கு முதல்நாள் பின்னேரம் போன் வந்தது. "இது நம்மட கலாசாரத்துக்குச் சரிவராது தம்பி, வேற இடம் பாருங்க." முற்பணம் சதம் குறையாமல் திரும்பி வந்தது, நன்றி. காரணம் மட்டும் இன்றுவரை எழுத்தில் வரவில்லை. யார் முறைப்பாடு செய்தார், எந்தப் படத்தைப் பற்றி, குழு எப்போது கூடியது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது.

படங்களை நீங்கள் பார்க்கவில்லை, ஆகவே சொல்கிறேன். தையல் மெஷினோடு ஒருவர். வாவியில் வலை இழுக்கும் ஒருவர். கோயிலுக்குப் புறப்பட்டுப் பட்டுச் சேலையில் நிற்கும் இரண்டு அக்காமார். முகம் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் முதுகைக் காட்டி நிற்கும் ஓர் ஆசிரியர். திருநங்கைகள், திருநம்பிகள், ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள். எல்லோரும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான்.

அவர்களில் ஒருவருக்கு வயது நாற்பதுக்கு மேல். அதுவரை அவரிடம் இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருப்பது. அதை எடுக்கப் போன அன்று பொட்டை அழிக்கச் சொல்லி, முடியை இழுத்துக் கட்டவைத்து, ஸ்டூடியோக்காரர் தன் சேர்ட்டையே மாட்டிவிட்டிருக்கிறார். யுத்த காலத்தில் அந்த அட்டையை நீட்டிக்கொண்டு சோதனைச் சாவடிகளில் நின்றபோது, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. தங்கச்சியின் கலியாண அல்பத்திலும் அவர் இல்லை. அன்று முழுக்கச் சமையல் கொட்டிலை விட்டு வெளியே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 2016 இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையோடு பாலின அங்கீகாரச் சான்றிதழ் வந்தது. அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழை மாற்றலாம், அப்புறம் அட்டையையும் மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு மேசையிலும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல அவருக்குத் தெம்பில்லை. எங்கள் கமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டது, "பொட்டு வைக்கலாமா?"

அந்தப் படத்தைத்தான் வாசலுக்கு நேரே மாட்ட இருந்தோம். கண்காட்சி இல்லை என்று அவருக்குப் போன் பண்ணிச் சொன்னவன் நான். "பரவாயில்ல தம்பி, நமக்கு இது பழகினதுதானே" என்றார். அந்தப் போனை உங்களில் ஒருவர் பண்ணியிருக்கலாம்.

கலாசாரம் என்றீர்கள். ஆண்கள் சேலை கட்டி ஆடிய வடமோடிக் கூத்தை விடிய விடியப் பார்த்த ஊர் இது. பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்காக வனவாசம் போய்த் தீமிதிக்கிறோம். அந்தப் பாரதக் கதையில் சிகண்டியும் உண்டு, பிருகன்னளையாகி நடனம் சொல்லிக்கொடுத்த அருச்சுனனும் உண்டு. போகட்டும், உங்கள் மண்டபத்து வாசலையே பார்ப்போம். சாமத்தியச் சடங்கென்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் படத்தை ஆளுயரப் பதாகையில் தொங்கவிட்டு ஊருக்கே அறிவிக்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் படங்களில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் சம்மதம் எழுதிக் கையொப்பம் வைத்தவர்கள். பிளாஸ்டிக் வாளி மலிவு விற்பனைக்கும் உங்களிடம் இடமுண்டு. வாளிகளின் கலாசாரத்தில் குறையொன்றும் இல்லைப்போலும்.

சட்டப் பிரச்சினை வரும் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகவும் கேள்வி. வெள்ளைக்காரர் 1883 இல் எழுதிவைத்த தண்டனைச் சட்டக்கோவையில், தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருப்பது உண்மை. 1995 இல் நம்முடைய பாராளுமன்றம் 365அ பிரிவில் கைவைத்தது, அதுவும் நீக்குவதற்கல்ல, பெண்களையும் அதற்குள் சேர்ப்பதற்கு. ஆனால் 2023 இல், இவற்றைத் திருத்த வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றமே சொன்னது. அந்தப் பழைய பிரிவுகளில்கூட, ஓர் ஆளின் முகத்தைச் சுவரில் மாட்டுவது குற்றம் என்று ஒரு வரி இல்லை. இருந்தால் எழுத்தில் தாருங்கள்.

தென்னாபிரிக்காவின் சனேலே முஹோலி 2006 முதல் கறுப்பினத் தன்பால் விரும்பும் பெண்களையும் திருநர்களையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து வருகிறார். அந்த வரிசையை மாட்டும்போது இடைக்கிடை வெற்றிடம் விடுவார்கள், இல்லாமல் போனவர்களுக்கும் இனி எடுக்கப்போகும் படங்களுக்குமாக. நீங்கள் எங்களுக்கு முழுச் சுவரையுமே வெற்றிடமாக விட்டிருக்கிறீர்கள்.

சரி, கேட்க வந்ததை மறந்து எழுதிக்கொண்டு போகிறேன். தயவுசெய்து எங்களுக்கு வேறொரு திகதி தாருங்கள். முடியாதென்றால், குழுவின் முடிவையும் காரணத்தையும் கையொப்பத்தோடு எழுத்தில் தாருங்கள். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம், அந்த வேலையை எங்களுக்கு வைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறோம். திகதி தருவதானால் மார்கழி மழைக்கு முன்னர் தந்தால் பெரிய உதவி. படங்களை அடுக்கி வைத்திருக்கும் வீட்டுக்குள் வெள்ளம் வரும்.

இப்படிக்கு,
கண்காட்சிக் குழுவின் சார்பில்,
கல்லடியிலிருந்து ஒரு படப்பிடிப்பாளன்