பங்குச் சான்றிதழையும் கணக்கையும் தமிழில் தாருங்கள்

மதிப்புக்குரிய பணிப்பாளர் சபையினருக்கு,

வணக்கம். உங்கள் பிளாஸ்டிக் மீள்சுழற்சித் தொழில்நுட்ப நிறுவனம் வெளிநாட்டுப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படும் நாள் மூன்றாவது தடவையாகவும் தள்ளிப்போயிருக்கிறது என்று கடந்த வாரம் கைத்தொலைபேசிக்கு வந்த இரண்டு வரிச் செய்தியே இம்மடலை எழுத வைத்தது. கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் கூட்டம் வைத்து, நிறுவனத்தில் பங்கு தருவதாகச் சொல்லித்தான் எங்களிடம் பணம் வாங்கினீர்கள்.

பணம் கொடுத்தவர்களுள் ஒருவர் உங்கள் சேகரிப்பு நிலையத்திலேயே போத்தல் தரம்பிரிக்கும் அக்கா. தகரக் கூரை வெக்கைக்குள் இருந்து மூடியைக் கழற்றி, லேபிளைக் கிழித்து எறிபவர். போத்தல் துகள் தண்ணீரில் தாழும், மூடித் துகள் மிதக்கும் என்பதையும், பி.வி.சி. என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லேபிள் கலந்தால் உருக்கும்போது பிளாஸ்டிக் மஞ்சளித்துக் கெட்டுவிடும் என்பதையும் எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். நல்ல தொழில் என்பதைத் தன் கையால் அறிந்திருந்தபடியால் இரண்டு காப்புகளையும் அடகு வைத்து முதலிட்டார். அதற்கு ஈடாக அவரிடம் இருப்பது அரிசி வாளிக்குள் பொலித்தீன் உறையில் சுற்றி வைத்திருக்கும் ஒரு பற்றுச்சீட்டு. உயர்தரம் படிக்கும் மகள் அதை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தாள். ‘பங்கு’ என்ற சொல் அதில் இல்லை. ‘முற்பணம்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது.

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு விற்க முடியாது. ஊழியர்கள் தவிர்ந்த பங்குதாரர் தொகையும் 50 ஐத் தாண்டக்கூடாது. உங்கள் கூட்டத்தில் மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். நாங்கள் பங்குதாரர்களா, கடன் கொடுத்தவர்களா என்பதை எங்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

பட்டியலிட்டதும் எல்லாம் சரிவரும் என்கிறீர்கள். பற்றரி மீள்சுழற்சி செய்த கனேடிய நிறுவனமான லை-சைக்கிள் 2021 இல் நியூயோர்க் பங்குச் சந்தைக்கு வந்தது. நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டரில் அது கட்டிய ஆலையின் கட்டுமானச் செலவு மிதமிஞ்சிப் போனதால் 2023 இல் அந்த வேலையை இடைநிறுத்தியது. 2025 மே மாதம் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பைக் கோரியது. அங்கு பணம் போட்டவர்களும் நட்டப்பட்டார்கள். ஆனால் அவர்களுக்குக் காலாண்டுக் கணக்குக் கிடைத்தது, நிலைமையைப் பார்த்து விற்று விலகும் வழியும் இருந்தது. எங்களுக்கு இரண்டுமில்லை.

இடம்பெயர்ந்து ஓடியபோது உடுப்புக்கு முன்னர் காணி உறுதியைப் பைக்குள் வைத்த சனம் நாங்கள். அந்த உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக அலைந்து, விளங்காத மொழியில் வந்த கடிதங்களை வாசிக்க ஆள் தேடிய சனம். கடதாசியின் பெறுமதி எங்களுக்குத் தெரியாது என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

பங்குச் சான்றிதழையும், பங்குப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் உள்ள பக்கத்தின் பிரதியையும், கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கையும் தமிழில் தாருங்கள். அடுத்த பட்டியலிடும் நாளை அறிவிக்க முன்னர் தாருங்கள். பங்கு இல்லையெனில் பணத்தைத் திருப்பித் தந்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அக்காவின் அடகுத் தவணை ஆவணியோடு முடிகிறது.

இப்படிக்கு,
முதலிட்டவர்களுள் ஒருவர்,
கிளிநொச்சி.