விரல் பட்டால் போதுமாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனப் பக்கத்தில் புதிய எஸ்.யூ.வி. ஒன்றைப் பற்றிய விமர்சனம் படித்தேன். "பழைய தலைமுறை திருகிக்கொண்டிருந்த குமிழ்களுக்கு விடை கொடுத்துவிட்டார்கள், இனி விரல் பட்டால் போதும்" என்று அதன் தொடுதிரையைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார் தங்கள் நிருபர். சின்ன வயதுக்காரராக இருப்பார், நன்றாக இருக்கட்டும். திருகிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவன் என்ற முறையில் நாலு வரி எழுதலாமென்று உட்கார்ந்தேன். நாலில் நிற்காது போலிருக்கிறது.

27 வருடம் பஸ் ஓட்டியவன் நான். அதில் 11 வருடம் வத்தலக்குண்டு - கொடைக்கானல் ரூட். அந்தக் காலத்து வண்டியில் ஹெட்லைட்டைத் தாழ்த்தும் டிம் ஸ்விட்ச் காலடியில் இருக்கும், இடது காலால் ஒரு மிதி. வைப்பர் ஸ்விட்ச் டேஷ்போர்டில், தடவினால் தட்டுப்படும். டம்டம் பாறை தாண்டி இருட்டில் எதிரே லாரி வரும்போது எவனும் குனிந்து ஸ்விட்சைத் தேடியதில்லை. கண் ரோட்டில் இருக்கும், கை அதன் பாட்டுக்கு வேலை பார்க்கும். வைப்பர் பிளேடு தேய்ந்துபோய், கேட்டால் ஸ்டாக் இல்லையென்று சொல்லிவிட, கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்துக்கொண்டு கொட்டும் மழையில் மலை இறங்கியிருக்கிறோம். அதைப் பற்றி அப்போதே தங்கள் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டேன். வரவில்லை. இடமின்மையாக இருக்கும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மகன் புதுக் கார் வாங்கினான். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த விஷயத்தில் எல்லாரும் பங்காளிகள்தான். நடுவில் பெரிய டி.வி. மாதிரி ஒரு ஸ்கிரீன். ஏ.சி., ஃபேன், பாட்டு, மேப் எல்லாம் அதற்குள். ஐப்பசியில் பூம்பாறையில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு இறங்குகிறோம், வண்டி என் கையில். பெருமாள்மலை தாண்டியதும் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டன. உள்ளே ஐந்து பேர் மூச்சு, முன் கண்ணாடி உள்பக்கம் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிட்டது. எங்கள் பழைய மாருதி 800-ல் இதற்கு ஒரு தள்ளு கம்பி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தள்ளலாம். இதில் முதலில் மேப்பை விலக்க வேண்டும், பிறகு ஏ.சி. படம், அதற்குள் முன் கண்ணாடி வரைந்த ஒரு சின்னப் படம். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியதில் விரல் நகர்ந்து பாட்டு அலற ஆரம்பித்தது. பேரன் அழ ஆரம்பித்தான். எதிரே கொண்டை ஊசி வளைவில் ஒரு பஸ், மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி ஓரம் கட்டினேன். ஜன்னலுக்காவது பொத்தான் வைத்தார்களே, புண்ணியவான்கள்.

நனைந்த விரலை அந்த ஸ்கிரீன் ஏற்காது. என் விரலைக் காய்ந்திருந்தாலும் ஏற்பதில்லை. ஸ்டீயரிங் பிடித்துக் காய்ப்புக் காய்த்த கை. ரேஷன் கடைக் கைரேகை மெஷினும் இதையேதான் செய்கிறது. நாலு தடவை அழுத்தியும், நான் நானில்லை என்கிறது. பாங்கில் அப்படி, ஆயுள் சான்றிதழ் கொடுக்கப் போனால் அங்கும் அப்படி. உழைத்த விரலுக்கு இந்த நாட்டில் மதிப்பில்லை என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் ரேஷன் கடையில் மலைச்சரிவு கிடையாது.

ஷோரூமில் சொன்னதற்கு, "வாய்ஸ் கமாண்ட் இருக்கே அப்பா, வாயால சொல்லுங்க" என்றார் அந்தத் தம்பி. அவர் எதிரிலேயே "கண்ணாடி" என்றேன். அது என் மகன் போனிலிருந்த கண்ணன் என்பவருக்கு அழைப்புப் போட்டது. அவர் எங்கள் பிளம்பர். "அப்டேட்டில் சரியாகிடும்" என்றார்கள். குமிழுக்கு என்றைக்கய்யா அப்டேட் தேவைப்பட்டது?

ஸ்வீடனில் ஒரு மோட்டார் பத்திரிகை 2022-ல் செய்த சோதனை தங்களுக்குத் தெரியாததல்ல. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே சூடு கூட்டுவது, ரேடியோ மாற்றுவது போல நாலு வேலை. பொத்தான் வைத்த 2005-ஆம் வருட வால்வோ, 10 விநாடியில், 306 மீட்டர் ஓடுவதற்குள் முடித்துவிட்டது. சோதனையில் கடைசி இடத்துக்கு வந்த ஒரு புதுக் காருக்கு 44.9 விநாடி. அதற்குள் 1,372 மீட்டர் ஓடியிருந்தது. எங்கள் மலைப்பாதையில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை வளைவு என்று தங்கள் நிருபரை ஒருநாள் வந்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜெர்மனியில் மழை நேரத்தில் ஸ்கிரீனைத் தொட்டு வைப்பர் வேகத்தை மாற்றப்போய் ரோட்டைவிட்டு இறங்கியவருக்கு, 200 யூரோ அபராதமும் ஒரு மாதம் ஓட்டத் தடையும் சரிதான் என்று 2020-ல் கார்ல்ஸ்ரூஹே மேல்நீதிமன்றம் சொன்னது. கம்பெனி வைத்ததைத்தானே தொட்டேன் என்ற பேச்சு எடுபடவில்லை. இங்கே ஓட்டும்போது கையில் மொபைலை எடுத்தால் அபராதம். அதைவிடப் பெரிய மொபைலை டேஷ்போர்டில் பதித்து விற்றால் அதற்குப் பெயர் டாப் மாடல், மேற்கொண்டு லட்ச ரூபாய்.

ஐரோப்பாவில் காருக்கு நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கேப், இன்டிகேட்டர், ஹஸார்டு விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தானோ ஸ்டீயரிங் ஓரத் தண்டோ இல்லாவிட்டால் 2026 ஜனவரி முதல் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ஃபோக்ஸ்வாகனின் வடிவமைப்புத் தலைவரே, பொத்தானை எடுத்த அந்தத் தவறை இனிச் செய்யமாட்டோம், பாட்டுச் சத்தத்துக்கும் ஹீட்டருக்கும் ஃபேனுக்கும் பொத்தான் திரும்ப வரும் என்று 2025-ல் சொல்லிவிட்டார். அவரும் பழைய தலைமுறை போலிருக்கிறது.

தங்கள் விமர்சகர் மலைச்சாலையில் ஓட்டிப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். படத்தில் நல்ல வெயில். சாலை காய்ந்து கிடக்கிறது. வண்டி நிற்கிறது. முழு விமர்சனத்துக்கு க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யவும் என்று வேறு போட்டிருக்கிறீர்கள். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியவன் பாதியைப் போனில் போய்ப் படிக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? எழுத்தும் வரவரச் சிறுத்துக்கொண்டே போகிறது. 1989 முதல் வாங்குகிறேன், சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் வேண்டுகோள் பெரிதல்ல. விலை, மைலேஜ், டிக்கி கொள்ளளவு என்று விமர்சனத்தின் கீழே ஒரு கட்டம் போடுகிறீர்களே, அதில் ஒரே ஒரு வரி சேருங்கள்: முன் கண்ணாடியின் ஈரப்பனியை விலக்கப் பொத்தானா, ஸ்கிரீனா; ஸ்கிரீன் என்றால் எத்தனை தொடுகை. இடம் போதவில்லையென்றால் சன்ரூஃப் படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்,
வத்தலக்குண்டு.

பி.கு.: ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு ஒட்டுப்போடும் பாட்டில் ஒன்றைக் கொடுக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.