கல்லடிப் பாலமும் கடை ஷட்டரும்

மச்சான்,

பதில் பிந்தினதுக்கு ஏசாதே. வீட்டில எல்லாரும் சுகம். பெரியண்ணர் இன்னும் அந்த மோட்டார்சைக்கிளோடதான் மல்லுக்கட்டுறார்.

நீ ஆஃப்டர் எஃபெக்ட்ஸில செய்து அனுப்பின வீடியோவைப் பார்த்தன். மட்டக்களப்புக் கல்லடியின் 1924இன் இரும்புப் பாலம் 2013இன் புதுப்பாலமாய் மாறுறது நல்ல யோசனை. ஆனால் சாய்த்தால் படம் மாறுற, கோடு கோடாய் லென்ஸ் ஒட்டின அட்டை மாதிரி இல்லையடா, கடை ஷட்டர் திறக்கிற மாதிரி இருக்கு. நீ போட்ட வெனீஷியன் பிளைண்ட்ஸ் எஃபெக்டில எல்லாக் கோடும் ஒரே நேரம் ஒரே அளவுக்குத்தான் திறக்கும். உண்மையான அட்டையின் மேல்விளிம்பைக் கண் பார்க்கிற கோணம் வேற, கீழ்விளிம்புக்கு வேற. அதனால மாற்றம் ஒரு ஓரத்தில தொடங்கி மற்ற ஓரத்துக்கு ஓடும். அந்த ஓட்டம் இல்லாட்டி கண் நம்பாது.

அட்டையை ஏன் இடம்வலமாய் ஆட்டினாய்? படம் மாறுற அட்டைக்கு லென்ஸ் கோடுகளைக் கிடையாகத்தான் வைப்பாங்க. நெட்டாய் வைத்தால் ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு படம் போய்க் குழம்பும். அது முப்பரிமாணப் படத்துக்குரியது. மேலும் கீழுமாய்ச் சாய்க்கிற எக்ஸ் ரொட்டேஷனை மட்டும் ஆட்டு, மைனஸ் 12 பாகையில இருந்து 12 வரை போதும்.

வெனீஷியனைத் தூக்கிப்போட்டு கிரேடியன்ட் வைப் போடு, அது ஒரு கறுப்பு-வெள்ளைப் படத்தின் கருமைக்கு ஏற்ப இடத்துக்கிடம் முந்திப்பிந்திப் படத்தை மாற்றுற எஃபெக்ட். போட்டோஷாப்பில 8 பிக்சல் உயரத்துக்குக் கறுப்பில இருந்து வெள்ளைக்குப் போற பட்டியைப் பேட்டர்னாக்கி 1080 உயரத்தையும் நிரப்பினால் 135 பட்டி வரும். அதுக்கு மேல, முழு உயரத்துக்கும் கறுப்பில இருந்து வெள்ளைக்கு மெல்ல மாறுற ராம்ப் ஒன்றை 40 வீத ஒபாசிட்டியில வை. அந்த ஓட்டத்தைத் தாறது இந்த ராம்ப்தான். ரெண்டையும் பிரீகாம்ப் பண்ணி, அதாவது ஒரே லேயராய்ச் சேர்த்து, மேல்படத்துக்குக் கிரேடியன்ட் லேயராய்க் குடு, விளிம்பை மென்மையாக்கிற சாஃப்ட்னஸ் 10. மறுகா மாற்றம் எத்தனை வீதம் முடிஞ்சதெண்டு காட்டுற டிரான்சிஷன் கம்ப்ளீஷனை லீனியர் எக்ஸ்பிரஷன் என்ற சின்னக் கட்டளையால ரொட்டேஷனோட பிணை, சாய்வுக்கு ஏற்ப 0இல இருந்து 100 போகட்டும்.

பட்டியை 2, 3 பிக்சலுக்கு ஒடுக்காதே. வீடியோவைச் சுருக்கிற எச்.264 வழமையாய் நிறத்தை 2க்கு 2 பிக்சலுக்கு ஒன்றாய்ச் சுருக்கும், கோடெல்லாம் சேறாகிப்போகும். பிரிவியூவை ஃபுல்லில வைத்துப் பார், ஹாஃபில வைத்தால் உண்மையில இல்லாத நெளிவெல்லாம் தெரியும்.

ஒவ்வொரு படத்திலயும் மற்றதின் சாயலை 8 வீதம் விடு. புதுப்பாலத்தின் வெள்ளை வானத்தில பழைய பாலத்தின் இரும்புக் கர்டர் மங்கலாய் நிற்கவேணும், அச்சடிச்ச அட்டையிலயும் அப்படித்தான் தெரியும். ரெண்டு படத்திலயும் வாவித் தண்ணியின் கோடு ஒரே உயரத்தில இருக்கட்டும்.

திருத்தினதை அனுப்பேக்க படங்களையும் சேர்த்து அனுப்பு. போனமுறை மாதிரி வெறும் புரொஜெக்ட் ஃபைலை அனுப்பிப்போட்டு "திறக்குதில்லையா?" என்று கேட்காதே.

உன்ர மச்சான்