பர்மாவின் மோல்மீன் ஊருக்கு ஒரு கடிதம்: பாப்பாவின் கம்ப்யூட்டர் படிப்பு பற்றி

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் குரல் செய்தி போன வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால் உட்கார்ந்து பதில் எழுத இன்றைக்குத்தான் வாய்த்தது. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. கட்டுப் பிரித்த அன்று சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அடுத்த வார்த்தையாக, "மோல்மீன் பையன் எப்படி இருக்கான், இன்னும் வெற்றிலை போடுறானா?" என்று உன்னைத்தான் கேட்டார். ஒரு வார்த்தை போனில் பேசிவிடு, சந்தோஷப்படுவார்.

சரி, உன் மகள் பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? ஆனால் ஒருவர் புரோகிராமிங்தான் சோறு போடும் என்கிறார், இன்னொருவர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் எடுத்தால் ஆபீஸ் வேலை நிச்சயம் என்கிறார், மூன்றாமவர் ரெண்டும் ஒன்றுதான் என்கிறார், நான் யாரை நம்புவது என்று கேட்டிருந்தாய். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மாடி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பவன் என்பதால், எனக்குத் தெரிந்ததை அப்படியே எழுதுகிறேன். தங்கச்சிக்கும் படித்துக் காட்டு.

என் தாத்தா இங்கே ரங்கூன் மொகல் தெருவில், அதாவது இப்போதைய ஷ்வே போந்தா தெருவில், செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர் என்பது உனக்குத் தெரியும். அன்றன்றைக்கு நடந்த வரவு செலவை நடந்த வரிசையிலேயே சிட்டையில் எழுதுவார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதை எடுத்து, இன்னார் பேரில் இவ்வளவு பற்று, இவ்வளவு வரவு என்று பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றுவார். கடைசியில் ஐந்தொகை கட்டி, வரவும் பற்றும் சரியாக வருகிறதா என்று பார்ப்பார். ஒரு பைசா இடித்தாலும் தூங்கமாட்டார் என்று அப்பா சொல்வார். எந்த விஷயத்தை எங்கே ஒரே ஒரு தடவை எழுதுவது, அதை வேறு எங்கெங்கே ஏற்றுவது, யார் எதைப் பார்க்கலாம், தப்பு வந்தால் எந்த இடத்தில் கண்டுபிடிப்பது, இதெல்லாம் சேர்ந்ததுதான் இன்ஃபர்மேஷன் சிஸ்டம். தாத்தா கை வலிக்கப் பேரேட்டில் ஏற்றிய வேலையை மெஷினைச் செய்ய வைப்பது புரோகிராமிங். 1970இல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் என்பவர், தகவலையெல்லாம் அட்டவணைகளாகப் பிரித்து, ஒன்றோடொன்றை ஒரு சாவியால், அதாவது ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்டும் ஒரு குறியால், இணைக்கலாம் என்று எழுதினார். இன்றைக்கு பேங்க், ஆஸ்பத்திரி, டிக்கெட் கவுண்டர் என்று எங்கே பார்த்தாலும் பெரும்பாலும் அந்த முறைதான் ஓடுகிறது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் பேரேடுதான் கண்ணில் நிற்கும்.

அந்தச் சாவி விஷயத்தில் நானே அடி வாங்கியிருக்கிறேன், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2011இல் இங்கே ஒரு கோயிலின் அன்னதான நன்கொடை நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் வேலையை எடுத்துக்கொண்டேன். ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் இருந்தபடியே முதல் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் என்று போட்டுவிட்டேன். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? நம் ஆட்களுக்கோ வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயர். போதாக்குறைக்கு வயது ஏற ஏறப் பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொல்லும் மாறுகிறது. ஒரே ஆள் பழைய நோட்டில் "மாங்" என்று இருக்கிறார், பத்து வருஷம் கழித்து "கோ" ஆகிறார், தலை நரைத்த பிறகு "ஊ" ஆகிறார். என் புரோகிராம் அவரை மூன்று பேராக எண்ணிக்கொண்டது. அவர் இருபது வருஷமாக விடாமல் கொடுத்த காசு மூன்று இடத்தில் சிதறிக் கிடந்தது. வருஷக் கடைசியில் மரியாதை செய்யப் பட்டியல் எடுத்தபோது அவர் பெயரே வரவில்லை. அந்தப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பிரசாதம் வாங்கிக்கொண்டு போனது இன்றைக்கும் என் மனசில் இருக்கிறது.

சரி, பெயர் வேண்டாம், போன் நம்பரைச் சாவியாக வைப்போம் என்று மாற்றினேன். 2014இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து சிம் கார்டு விலை பர்மியப் பணத்தில் 1500 சாட்டுக்கு இறங்கியதும் ஊரே நம்பர் மாற்றிவிட்டது. அப்புறம் அடையாள அட்டை எண்ணை வைக்கலாம் என்று பார்த்தேன். உங்கள் பக்கம் 10 என்று தொடங்கும், எங்கள் ரங்கூனில் 12, அதன் பிறகு ஊரைக் குறிக்கும் பர்மிய எழுத்துகள், கடைசியில் ஆறு இலக்கம், பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் ஆட்கள் கையில் எத்தனை விதமான அட்டை என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ரோஸ், நீலம், பச்சை, எதுவுமே இல்லாமல் இருக்கிற வீடும் உண்டு. அட்டை இல்லாத ஒரு பாட்டி மாதம் தவறாமல் ஒரு பை அரிசி கொடுக்கிறாள் என்றால், அவளுக்கு அந்தக் கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? கடைசியில் ஒவ்வொருவருக்கும் நாங்களே ஒரு வரிசை எண் கொடுத்து, பெயர்களைத் தனி அட்டவணையில் வைத்து, ஒரு ஆளுக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மாற்றி அமைத்தோம். புரோகிராம் எழுதியது நாலு நாள் வேலை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு வருஷம் ஆனது. பாப்பா இந்த நாலு வருஷத்தை இழக்கக்கூடாது என்பதுதான் என் கவலை.

எழுத்து விஷயமும் இப்படித்தான். நாம் கல்யாணப் பத்திரிகை அடித்த அந்தப் பழைய தமிழ் ஃபாண்ட் ஞாபகம் இருக்கிறதா? கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, முதலில் கொம்பு, பிறகு எழுத்து என்று தட்டுவோம். அதனால் அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னால் பெருமாள், செல்லையா, வெள்ளைச்சாமி மூன்று பேரும் ஒரே கூட்டமாக வந்து நிற்பார்கள், ஏனென்றால் மெஷினுக்கு மூவருமே கொம்பில் தொடங்கும் பெயர்கள். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான முறையான யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு, அதனால் பெருமாள் 'ப'வுக்குப் போய்விடுவார். பர்மிய எழுத்துக்கும் அதே கதைதான். ஜாஜி என்ற பழைய பர்மிய ஃபாண்டில் கொம்பு முன்னால், யூனிகோடில் பின்னால். 2008இல் யூனிகோட் 5.1 வந்து பர்மிய எழுத்துக்கான முறை ஒழுங்காகிவிட்டது, ஆனாலும் நாடு முழுக்க ஜாஜியிலேயே தட்டிக்கொண்டிருந்து, 2019 அக்டோபர் 1ஆம் தேதிதான் அரசாங்கமே யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன்னால் ஏற்றிய பதிவுகளில் ஒரு பெயரைத் தேடினால், கண்ணெதிரே அந்தப் பெயர் இருக்கும், கம்ப்யூட்டர் இல்லை என்று சொல்லும். நான் இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து பழையதை மாற்றியிருக்கிறேன். தமிழும் பர்மியமும் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது சட்டென்று விளங்கும். அந்த வகையில் பாப்பா மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்கிறாள், இதை அவளிடம் நான் சொன்னதாகச் சொல்.

இப்போது எங்கே சேர்ப்பது என்ற கேள்வி. உங்களுக்குப் பக்கம் தாட்டோன் கம்ப்யூட்டர் பல்கலைக்கழகம். மார்க் நன்றாக இருந்தால் ரங்கூன் கம்ப்யூட்டர் பல்கலைக்கழகம், இது ஷ்வேபிதாவில் இருக்கிறது. 1971இல் ஐக்கிய நாடுகள் சபை உதவியோடு தொடங்கிய கணிப்பொறி மையம்தான் 1988இல் கல்லூரியாகி, 1998இல் இந்தப் பல்கலைக்கழகமாக ஆனது. நம் நாட்டில் கம்ப்யூட்டர் படிப்பு அவ்வளவு பழசு என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. இரண்டு பட்டம் உண்டு, பி.சி.எஸ்சி. என்பது சாஃப்ட்வேர் பக்கம், பி.சி.டெக். என்பது மெஷின், நெட்வொர்க் பக்கம். தொடக்கத்தில் கணக்கு, பௌதிகம், ஆங்கிலம், பர்மிய மொழி என்று எல்லாம் கலந்துதான் இருக்கும், அதைப் பார்த்து, "இதுக்கா வந்தேன்?" என்று மனம் தளரக் கூடாது. பி.சி.எஸ்சி.யில் உள்ளே போன பிறகுதான் பிரிவு எடுப்பார்கள், அதில் பிசினஸ் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆகவே புரோகிராமிங்கா, சிஸ்டம்ஸா என்று இப்போதே தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பி.சி.எஸ்சி.யில் சேரட்டும், இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு அவளே முடிவு செய்யட்டும்.

தனியார் டிப்ளமோ வேறு வழி. இங்கிலாந்தின் என்.சி.சி. எஜுகேஷன் பாடத்திட்டத்தில் லெவல் 4, லெவல் 5 முடித்துவிட்டு, கடைசி வருஷத்தை ஒரு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்காகப் படிப்பது. முழுக்க ஆங்கிலம், சீக்கிரம் முடியும், வெளிநாட்டில் வேலை தேடுபவர்களுக்கு உதவும், ஆனால் செலவு அதிகம். கடையை அடமானம் வைத்து இதில் சேர்க்காதே, இதை நண்பனாகக் கண்டித்துச் சொல்கிறேன்.

எங்கே சேர்ந்தாலும் ஒன்றைக் கேட்டுப் பார்க்கச் சொல்: மாணவர்களை வெளியே ஒரு கடைக்கோ ஆபீசுக்கோ அனுப்பி, அங்கே வேலை நடக்கும் விதத்தைப் பார்த்து எழுதிவரச் செய்கிறார்களா என்று. என் வகுப்பில் முதல் பாடமே டீக்கடை பில்தான். டீக்கடைக்கு ஒரு பில் புரோகிராம் எழுதுங்கள் என்றால் எல்லாப் பிள்ளைகளும் முதலில் ஆர்டர் என்று ஒரு அட்டவணை போடுவார்கள். நம் ஊர் டீக்கடையில் ஆர்டர் யார் கொடுக்கிறார்கள்? உட்கார்ந்ததும் பையன் கேட்காமலே ஆறு சமோசாவைத் தட்டில் கொண்டுவந்து வைப்பான். நாலு தின்றால் நாலுக்குக் காசு, மீதி ரெண்டு திரும்பிப் போகும். வெறுந்தேநீருக்குக் காசே கிடையாது. எண்ண வேண்டியது கேட்டதை அல்ல, தட்டில் மிச்சம் இருப்பதை. கீழே கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள் என்று அனுப்பி வைப்பேன். போன வருஷம் ஒரு பெண், பதினேழு வயது, திரும்பி வந்து, "சயா (ஆசிரியரே), பில் போடுறவர் மேசைக்கு வந்ததும் முதல்ல தட்டைத்தான் பார்க்கிறார்" என்று சொன்னாள். அவள் அப்போது ஒரு வரி புரோகிராம்கூட எழுதியதில்லை. அவள் தேறிவிடுவாள் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்காக, புரோகிராம் எழுதும் பயிற்சி குறைச்சலாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை. தினமும் எழுத வேண்டும், கரண்ட் இல்லாத நேரத்தில் நோட்டில் பென்சிலால் எழுதிப் பார்க்கலாம், நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். ஒரு மொழியைப் பிடித்தால் ஒரு வருஷமாவது விடக் கூடாது. மூன்று மாதத்தில் மூன்று மொழி என்று விளம்பரம் போடும் இடங்கள் பக்கம் போக வேண்டாம். முதல் மூன்று மாதம் தலை சுற்றும், அழுகைகூட வரும், அப்போது, "உனக்கு இது வராது, பேசாமல் கடையைப் பார்" என்று யாரும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையால் நின்றுபோன பிள்ளைகளை, அதுவும் பெண் பிள்ளைகளை, நான் நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கு அது தாங்காது.

ரிசல்ட் வருவதற்கு முன்னால் அவளை ஒரு மாதம் இங்கே அனுப்பி வை. அம்மாவோடு தங்கிக்கொள்ளட்டும், காலையில் என் வகுப்பு, மாலையில் கோயில் நோட்டு வேலை. இன்னும் எண்பதுகளின் நோட்டுகள் ஏற்றப்படாமலே இருக்கின்றன, கரையான் தின்பதற்குள் முடிக்க வேண்டும். அப்புறம் உன் அப்பா எழுதிய கடைப் பேரேடுகள் பரணில் இருப்பதாக ஒரு தடவை சொன்னாயே, அதில் ஒன்றைக் கட்டாயம் கொடுத்து அனுப்பு. அவளுடைய முதல் அட்டவணையை அவள் தாத்தாவின் கையெழுத்தைப் பார்த்தே போட வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். பஸ் ஏறியதும் போன் செய், அதிகாலை எத்தனை மணி ஆனாலும் அவுங் மிங்கலார் பஸ் நிலையத்துக்கு நானே வந்து கூட்டிக்கொள்கிறேன்.

தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

உன் நண்பன்,
ரங்கூனிலிருந்து