கோடையில் பிக்கரல் கடிக்காதா? படகின் வேகத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் கோடைகாலப் பக்கத்தில் ஏரி மீன்பிடி பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் பிக்கரல் வாயே திறக்காது, மே மாதத்தோடு அதை மறந்துவிட வேண்டியதுதான் என்று அதில் எழுதியிருந்தார்கள். ஒன்ராறியோவில் பிக்கரல் என்றும் எல்லைக்கு அப்பால் வாலாய் என்றும் சொல்லப்படும் இந்த மீன் கவர்த்தா ஏரிகளிலும் குவின்ரே விரிகுடாவிலும் ஈரி ஏரியிலும் கோடை முழுவதும் பிடிபடுகிறது. மே மாதத்து இடத்தில், மே மாதத்து முறையில் தூண்டில் போடுகிறவர்களுக்குத்தான் அது கிடைப்பதில்லை.

வசந்தத்தில் முட்டையிட்டு முடிந்த பிக்கரல் ஆற்று வாய்களிலும் கற்கரைகளிலும் கூட்டமாக நிற்கும். தண்ணீர் சூடேறியதும் அந்தக் கூட்டம் கலைந்துவிடும். ஒன்று பாசிப் படுகையின் வெளி விளிம்பில் நிற்கும், இன்னொன்று ஏரி நடுவிலுள்ள மேட்டின் சரிவில் நிற்கும். பசி குறைவதில்லை, சூடான நீரில் அது கூடுதலாகவே தின்னும். ஆனால் நங்கூரம் போட்டு, மிதப்புக்குக் கீழே புழுவைத் தொங்கவிட்டுக் காத்திருந்தால் சூரியமீனும் ரொக் பாஸும்தான் வரும். கலைந்து நிற்கும் மீனைத் தேடிப் போக வேண்டும். அதற்குத்தான் படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே புழுவை இழுக்கும் ட்ரோலிங்.

இதற்கான கோர்வையைக் கடைகளில் ஹார்னஸ் என்று விற்கிறார்கள். வீட்டிலும் கட்டலாம். 15 முதல் 20 இறாத்தல் தாங்கும் புளோரோகார்பன் நூலில் 4 ஆம் இலக்கத் தூண்டில் முள் இரண்டை ஸ்னெல் முடிச்சால், அதாவது முள்ளின் தண்டைச் சுற்றிப் போடும் முடிச்சால், கட்ட வேண்டும். இரண்டு முள்ளுக்கும் இடையில் 3 முதல் 4 அங்குலம் இருக்கட்டும். முன் முள்ளுக்கு மேலே 5 மில்லிமீற்றர் மணிகள் ஐந்தோ ஆறோ, அதற்கு மேலே கிளெவிஸ் என்ற சிறு கவ்வி, அதில் ஒரு கொலராடோ பிளேட், அதாவது இழுக்கும்போது சுழலும் அகன்ற உலோகத் தகடு. கவர்த்தா போன்ற சிறிய ஏரிகளுக்கு 3 அல்லது 4 ஆம் இலக்கம் போதும். ஈரி ஏரியின் கலங்கிய நீருக்கு 5. பிளேட்டின் குழிந்த பக்கம் நூலைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிக் கோர்த்தால் ஒழுங்காகச் சுழலாது. மணிகளைக் குறைத்துப் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம்: மணிகள் போதாவிட்டால் பிளேட்டின் வால் முன் முள்ளில் தட்டிச் சிக்கும்.

புழு கோர்ப்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். டியூ வோர்ம் எனப்படும் பெரிய மண்புழுவின் தலை நுனியில், விளிம்பிலிருந்து ஓர் அரிசி நீளம் உள்ளே, முன் முள்ளை ஒரே ஒரு தடவை குத்தி வெளியே எடுக்க வேண்டும். பிறகு புழுவை நூலோடு நேராகப் படுக்க விட்டு, இரண்டாவது முள் எங்கே வருகிறதோ அங்கே குத்த வேண்டும். இழுத்துக் குத்தினால் புழு அறுந்து போகும். தொய்வாகக் குத்தினால் நடுவில் வளைந்து, தண்ணீரில் விசிறியாகச் சுற்றும். பத்து நிமிடத்தில் நூல் முழுவதும் முறுக்கேறி, முறுக்கைத் தடுக்கும் சுவிவல் என்ற சுழல் இணைப்பு இருந்தாலும் பயனில்லாமல் போகும். மீனும் சுற்றுகிற புழுவைத் திரும்பிப் பார்க்காது. ஒவ்வொரு தடவையும் கோர்வையைக் கீழே இறக்குமுன் படகின் ஓரமாக ஓரடி ஆழத்தில் இழுத்துப் பாருங்கள். பிளேட் சுழல, அதன் பின்னால் புழு நேர்கோடாக, வால் மட்டும் நெளிந்தபடி வர வேண்டும். அப்படி வராத புழுவைக் கழற்றித் திரும்பக் கோர்க்கத்தான் வேண்டும். நாலு மீன் பிடிப்பவருக்கும் வெறுங்கையோடு திரும்புகிறவருக்கும் இடையில் பெரும்பாலும் இந்த அரை நிமிட வேலைதான் இருக்கிறது.

இதை அடிக்குக் கொண்டுபோவது பொட்டம் பவுன்சர் எனப்படும், ஈயம் கோர்த்த வளைந்த கம்பி. பத்தடி ஆழத்துக்கு ஓர் அவுன்ஸ் என்பது எளிய கணக்கு: 20 அடிக்கு 2 அவுன்ஸ். தடியிலிருந்து நூல் தண்ணீருக்குள் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் இறங்க வேண்டும். நூல் வெகுதூரம் பின்னால் போனால் பாரம் போதாது என்று அர்த்தம். கம்பி சரிந்து படுத்து, அடியில் இருக்கிற பாசியையெல்லாம் வாரிக்கொண்டு வரும். கோல் ஊன்றி நடப்பவர் நிலத்தைத் தொடுவதுபோல் கம்பியின் நுனி இடையிடையே அடியைத் தொட்டால் போதும். பவுன்சரிலிருந்து முள் வரைக்குமான நூல் கற்கள் நிறைந்த இடத்தில் 3 முதல் 4 அடி, தெளிந்த நீரில் 5 முதல் 6 அடி. நீளம் கூடினால், மெதுவாக ஓடும்போது புழு தாழ்ந்து அடியில் உரசும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி வேகம். மணிக்கு 1 மைல், அதாவது 1.6 கிலோமீற்றர், தொடக்கத்துக்கு நல்லது. 0.8 இலிருந்து 1.5 மைல் வரை மாற்றிப் பார்க்கலாம். கொலராடோ பிளேட் இந்த மெதுவான ஓட்டத்திலும் சுழலும். நீண்டு ஒடுங்கிய வில்லோ பிளேட் அப்படிச் சுழலாது, அதற்குக் கூடுதல் வேகம் வேண்டும். பெரிய எஞ்சினை ஐடிலில் விட்டாலே பல படகுகள் 2 மைலைத் தாண்டிவிடும். அப்போது பவுன்சர் மேலே எழும், புழு கிழியும். மின்சார ட்ரோலிங் மோட்டார் இல்லாதவர்கள் படகின் பின்னால் துணிப் பையொன்றை இழுத்து வேகத்தைக் குறைக்கிறார்கள். ஜிபிஎஸ் சரியான எண்ணைக் காட்டினாலும் தடியின் நுனியையும் பார்க்க வேண்டும். பிளேட் சுழன்றால் நுனி விடாமல் மெல்ல அதிரும். அதிர்வு நின்றால் பாசியோ சிக்கலோ. உடனே சுற்றி எடுங்கள். அப்படியே விட்டு அரை மணிநேரம் வெறும் பாசியை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் பலர்.

நேராக மட்டும் ஓட்ட வேண்டாம். வளைந்து வளைந்து ஓட்டினால், வளைவின் உட்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்கத் தூண்டில் வேகம் கூடி எழும். உட்பக்கத்தில் கடி வந்தால் படகை மெதுவாக்குங்கள், வெளிப்பக்கத்தில் வந்தால் சற்று வேகமாக்குங்கள். மீன் என்ன கேட்கிறது என்பதை வேறெந்தக் கருவியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. பிளேட்டின் நிறத்துக்காகக் கடை கடையாக அலைகிறவர்கள் இதில் பாதிக் கவனம் வைத்தாலே போதும். கலங்கல் நீருக்குச் செம்பும் தங்கமும், தெளிந்த நீருக்கு வெள்ளி என்பதற்கு மேல் நிறத்தைப் பற்றிப் பேச அதிகமில்லை.

படபடவென்ற சிறு தட்டல்கள் பேர்ச் மீனுடையவை. அவை புழுவின் வாலைக் கடித்துப் போய்விடும். பிக்கரல் கடித்தால் நுனி கனத்து, மெதுவாகப் பின்னோக்கி வளையும். அந்த நேரத்தில் வெடுக்கென்று இழுத்தால் புழுவின் பாதிதான் திரும்பி வரும். தடியை ஓரிரண்டு அடி பின்னால் விட்டுக் கொடுத்து, பாரம் நன்றாக ஏறியதும் பக்கவாட்டில் நீளமாக இழுங்கள். தடியைத் தாங்கியில் வைத்திருப்பவர்கள் அது முழுதாக வளைந்து நிற்கும்வரை தொடாமல் இருப்பதே நல்லது.

பிக்கரலின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் மங்கிய வெளிச்சத்தில் அது இரையைவிட நன்றாகப் பார்க்கும். ஆகவே விடியலும் பொழுது சாயும் வேளையும் முகில் மூடிய நாளும் உகந்தவை. வரிக்குதிரைச் சிப்பிகள் பெருகித் தண்ணீர் தெளிந்துபோன ஏரிகளில் உச்சிப் பகலில் ஆழத்துக்கோ பாசி நிழலுக்கோதான் போக வேண்டும். காற்றடித்து மேற்பரப்பு கலங்கினால் பகலிலும் பிக்கரல் கரைப்பக்கம் ஏறி வரும். கண்ணாடித் தண்ணீரைத் தேடிப் போகிறவர்கள் சுகமான படகுச் சவாரிக்குத்தான் போகிறார்கள்.

புழுப் பெட்டியை வெயிலில் வைத்தால் ஒரு மணிநேரத்தில் கூழாகிவிடும்; ஐஸ் பெட்டிக்குள், உருகிய நீர் படாமல் வையுங்கள். மிஞ்சிய புழுவையும் மண்ணையும் கரையோரக் காட்டில் கொட்டுவது தவறு. ஒன்ராறியோவின் காடுகள் பனியுகத்துக்குப் பிறகு மண்புழு இல்லாமல் வளர்ந்தவை. டியூ வோர்ம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அது காட்டுத் தரையின் இலைச்சருகைத் தின்று முடித்துவிடும். குப்பைத் தொட்டிதான் அதற்குரிய இடம்.

உங்கள் குறிப்பில் சட்டம் பற்றி ஒரு வரியும் இல்லை. 18 முதல் 64 வயது வரையான ஒன்ராறியோவாசிகளுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். கவர்த்தா ஏரிகள் அடங்கும் 17 ஆம் மீன்பிடி வலயத்தில் 35 முதல் 50 சென்ரிமீற்றர் வரையான பிக்கரலை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அருகிலுள்ள ஸ்கூகொக் ஏரியில் 2016 இல் பிக்கரல் பிடிக்கவே தடை வந்தது. விதிகள் மாறக்கூடும் என்பதால் அந்தந்த ஆண்டுக்கான மாகாண விதிச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இன்னொன்றில்: அளவுக் கட்டுப்பாடுள்ள மீனை ஏரிக்கரையிலேயே தலை வெட்டித் துண்டு போட்டு, குழம்புக்குத் தயாராக வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது. அதிகாரி மறித்தால் மீனின் நீளத்தை அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். குடலை எடுத்து, முழு மீனை ஐசில் புதைத்துக் கொண்டு வாருங்கள். வெட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். (குழம்பில் இந்த மீன் உதிர்ந்துவிடும். பொரிப்பதே மேல்.)

அடுத்த முறை கோடை மீன்பிடி பற்றி எழுதும்போது இந்த விதிகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர்