நீ அனுப்பிய மஞ்சள் குளிசை

உப்புவெளி,
திருகோணமலை.

மச்சான்,

நாலு மாதமாக ஒரு வரி இல்லை என்று நீ ஏசியது நியாயம்தான். எல்லோரும் சுகம். தவம் வீட்டுக்குக் குடிவந்துவிட்டான், கிணற்றுத் தண்ணீர் இன்னும் உப்புத்தான்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். அம்மாவின் முழங்கால் வலிக்கென்று நீ கனடாவிலிருந்து அனுப்பிய நானோ மஞ்சள் குளிசையை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டோம். கோபிக்காதே. கோணேசபுரியில் சித்த மருத்துவம் படிக்கிற மகள் லீவில் வந்தவள், போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, அப்பம்மா வார்ஃபரின் எல்லோ குடிக்கிறா" என்றாள். அது இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து, மஞ்சள் குளிசையும் சேர்ந்தால் இரத்தக் கசிவு வரலாமாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அடுத்த நாளே கிளினிக்கில் இரத்தம் சோதித்தோம், நல்லகாலம், பிழை ஒன்றுமில்லை.

மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாதாம், உள்ளே போகிற கொஞ்சத்தையும் குடலும் ஈரலும் மாற்றிக் கழித்துவிடுமாம். அதையே கொழுப்புத் துளிக்குள் அடைத்து நூறு, இருநூறு நானோமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தால் இரத்தத்தில் பல மடங்கு சேரும். ஒரு தலைமயிரின் தடிப்பே 80,000 நானோமீட்டர் அளவில் வரும், யோசித்துப் பார்! கேட்கக் கேட்க எனக்கு அப்பப்பா மருந்து அரைக்கிற கல்வம்தான் கண்ணுக்குள் நின்றது. நாள்கணக்கில் அரைத்துப் புடம் போட்ட, அதாவது நெருப்பில் சுட்டுச் சாம்பலாக்கிய மருந்தான பற்பத்தை இரண்டு விரலுக்கு நடுவே தேய்ப்பார், ரேகைக்குள் இறங்க வேண்டும், தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் புடம். திண்ணையில் இருந்து பார்த்தோமே. அப்படிப்பட்ட பற்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை இப்போது எலெக்ட்ரோன் நுணுக்குக்காட்டியில் கண்டிருக்கிறார்கள். மகள் இதைத்தான் ஆராய வேண்டும் என்கிறாள், எனக்கும் அதில் பெரிய ஆசை.

ஆனால் அப்பப்பா அந்தப் பற்பத்தை அரிசி எடை, குன்றி எடை என்று நிறுத்துத்தான் தேனில் குழைத்துக் கொடுத்தார், அதுவும் நாடி பார்த்த பிறகு. துகள் சிறுத்தால் மருந்தின் வேகமே வேறு. கறியில் காலமெல்லாம் சாப்பிட்ட மஞ்சள்தானே என்று இதை நினைக்க முடியாது. உன் போத்தலில் மிளகுச் சாறும் இருக்கிறது. 1998இல் வந்த ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் உடலில் சேர்வது இருபது மடங்கு கூடியது. அதே பைப்பரின் வேறு சில மருந்துகள் உடலை விட்டுப் போவதையும் தாமதப்படுத்தும். 2019இல் இத்தாலியில் மஞ்சள் குளிசை எடுத்த பலருக்கு ஈரல் அழற்சி வந்தது.

அப்புறம், நீயும் இதைத்தான் ஆறு மாதமாகக் குடிக்கிறேன் என்றாயே, பிரஷர் குளிசையோடு சேர்த்தா? போத்தலைக் கொண்டுபோய் உன் டொக்டரிடம் காட்டு, ஈரலையும் ஒருக்கால் சோதித்துப் பார். என்ன சொன்னார் என்று அன்றைக்கே எனக்கு எழுது.

உன்
மச்சான்